ஈரநிலத்தை இனங்காணல்



ஆவணி மாதத்தில் மன்னாரையடுத்த வங்காலைப் பக்கமாகப் பயணஞ் செய்வோர், உப்புப் பூத்துக் காய்ந்து கிடக்கும் வெளியைக் கண்டு, ‘இது ஒன்றுக்கும் உதவாத தரிசு’ என்று கூறிச் செல்லக்கூடும். அதே வெளியை மார்கழியில் காண்போரோ, நீர் பரந்து, தூரதேசப் பறவைகள் கூட்டங்கூட்டமாய் இரைதேடும் காட்சியைக் கண்டு வியப்பர். இவ்விருவருள் எவர் கூற்று உண்மை? இவ்வினாவுக்கு விடை காணாமல் மண் கொட்டி நிரப்பப்பட்ட நிலங்கள் நம் நாட்டிற் பல.

1971ஆம் ஆண்டு ஈரான் நாட்டின் ராம்சார் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கை, ஈரநிலம் என்பதற்கு விரிந்த பொருள் கூறுகின்றது. சதுப்பு, குளம், களப்பு, நெல்வயல், தாழ் வற்றுப்பெருக்கின்போது ஆறு மீற்றருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். நீர் நிலையாக நிற்க வேண்டுமென்பதில்லை. பருவத்துக்குப் பருவம் வந்து போயினும் அது ஈரநிலமே.

அவ்வாறாயின், நீர் வற்றிய காலத்தில் எவ்வாறு இனங்காண்பது? சதுப்பு நிலத்தை ஆராய்வோர் மூன்று சாட்சிகளை விசாரிப்பர். அவை நீர், மண், தாவரம் என்பன. முதற்சாட்சி ஊரைவிட்டுப் போயிருந்தாலும் மற்றை இரண்டும் அங்கேயே நிற்கும்.

முதலில் மண்ணைக் கேட்போம். நல்ல வடிகாலுள்ள மண்ணிலே இரும்பு காற்றுப்பட்டுச் செம்மையாகவோ பழுப்பாகவோ தோன்றும். நீர் நெடுநாள் தேங்கினால் மண்ணினுள் பிராணவாயு அற்றுப்போகின்றது. அப்போது நுண்ணுயிர்களின் செயலால் இரும்பு நிறமிழந்து கரைய, மண் சாம்பல் நிறமடைகின்றது. வேர்கள் வழியே சிறிது காற்றுப் புகுந்த இடங்களில் மட்டும் துருப்போன்ற புள்ளிகள் காணப்படும். மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் தோண்டினாலே இவ்வடையாளங்களைப் பெரும்பாலும் காணலாம். களப்புச் சேற்றிலெழும் கூழ்முட்டை நாற்றமும் காற்றில்லாத மண்ணின் அறிகுறியே.

இனித் தாவரங்கள். வேருக்கும் மூச்சு வேண்டும். காற்றில்லாச் சேற்றில் அது எங்ஙனம் வாழும்? தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே துளைகள் தெரியும். இலை பெற்ற காற்று அவ்வழியே கிழங்குக்குச் செல்கின்றது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் இத்தகைய காற்றறைகள் உண்டு. ஆகையாலேதான் சோளம் அழுகும் வெள்ளத்தில் நெல் நின்று விளைகின்றது. கண்ணா மரம் சேற்றிலிருந்து மேல்நோக்கி மூச்சுவேர்களை நீட்டும். மிகையான உப்பை இலைவழியே வெளியேற்றும். கண்டல் மரம் மிண்டி வேர்களை ஊன்றி நிற்கும். அதன் வித்து தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கிப் பின்னர் விழுகின்றது. அலை அடிக்கும் சேற்றிலே முளைப்பதற்கு அவகாசம் கிடைப்பது அரிதல்லவா?

விலங்குகளும் அவ்வாறே. நீரிற் பிராணவாயு குறைந்தால் விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். தாமரை இலைக்கோழி நீண்ட விரல்களால் தன் பாரத்தைப் பரப்பி இலைமேல் நடக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகிலுள்ள சல்லடையால் நீரை வடித்துச் சிற்றுயிர்களை உண்ணும்.

எனவே, நேயர்களே, உயிர்களின் இசைவாக்கமும் நிலத்தை இனங்காணலும் இருவேறு பாடங்களல்ல. நீர் எழுதிச் சென்ற உறுதியை மண்ணும் வேரும் காத்து வைத்திருக்கின்றன. அவ்வுறுதியை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கோடையிலும் அந்நிலத்தின் உரிமையாளன் நீரே என்பது விளங்கும்.

அவ்வுரிமையை மறுத்தால் நீர் வழக்குத் தொடுப்பதில்லை. நேரே வந்து குடியேறிவிடுகின்றது. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பெருமழையில், சதுப்பு நிலம் சூழ்ந்த நமது பாராளுமன்ற வளவே வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்கலாகாது. தாழ்நிலங்கள் நிரப்பப்படும்போது, அவை ஏற்றுக்கொண்ட நீர் அயலார் முற்றத்தையே நாடும். எஞ்சிய ஈரநிலங்களைப் பேணுவதற்காகக் கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்றது. அப்பெயரைக் காப்பது இனி நம் கடமை.

காணி வாங்குவோரும் வீடு கட்டுவோரும் கோடையில் மாத்திரம் நிலத்தைப் பார்த்து முடிவு செய்யாதிருப்பாராக. ஒரு முழம் தோண்டி மண்ணின் நிறத்தைப் பார்க்கட்டும். அங்கு வளரும் புற்பூண்டுகளைக் கவனிக்கட்டும். மாரியில் நீர் எதுவரை ஏறுமென்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்கட்டும். இம்மூன்று சாட்சிகளும் ஒருமுகமாகச் சொல்லுமாயின், அந்நிலத்தை நீருக்கே விட்டுவிடுவது அறிவுடைமை.