எபிசோடு 37: அம்மாவுக்கு ஏன் தூக்கம் வரல?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிஞ்ச அளவு அப்படியே விட்டிருக்கேன்.)

அச்சரப்பாக்கத்துல இருந்து பேசறேன். வழக்கமா இங்க வேலை, சம்பளம், இன்டர்வியூ, கோடிங்னு பேசுவோம். இன்னைக்கு அது எதுவும் கிடையாது. எங்க அம்மாவோட தூக்கத்தைப் பத்திப் பேசப்போறேன். அம்மாகிட்ட கேட்டுட்டுதான் பேசறேன். "பேர மட்டும் சொல்லாத, மத்தத சொல்லிக்கோ"ன்னாங்க. ஒரு பையன் உட்கார்ந்து மாதவிடாய் நிக்கிறதப் பத்திப் பேசறானேன்னு சிலருக்கு சங்கடமா இருக்கலாம். எனக்கும் அந்தச் சங்கடம் இருந்துச்சு. அதுலயே ஏழெட்டு மாசம் வீணாப் போச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி, மே மாசம். எனக்கு ஆன்கால் வாரம். அமெரிக்க கிளையன்ட், அவங்களுக்குப் பகல்னா நமக்கு ராத்திரி. மூணு மணிக்கு சர்வர் விழுந்து எழுப்பிவிட்டாங்க. சரி பண்ணிட்டு, காபி போடலாம்னு அடுப்படிக்குப் போனா, பின்கதவு திறந்திருக்கு. படியில அம்மா உட்கார்ந்திருக்காங்க. கழுத்துல ஈரத் துண்டு. "என்னம்மா?"ன்னு கேட்டா, "புழுக்கமா இருக்குடா, நீ போய் வேலையப் பாரு"ன்னாங்க. கத்திரி வெயில் நேரம், எங்க ஊர்ல யாருக்குத்தான் புழுக்கம் இல்ல? நம்பிட்டேன்.

அப்புறம் மார்கழி வந்துச்சு. அப்பா தலைவரைக்கும் போர்வை இழுத்துப் போர்த்திட்டுத் தூங்கறார். அம்மா ஃபேனை முழு வேகத்துல வெச்சுட்டு வேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ஊருக்கே கத்திரி முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, அம்மாவுக்கு மட்டும் முடியல.

அம்மாவுக்கு அப்போ 47 வயசு. வீட்லயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவங்க. மாதவிடாய் ரெண்டு வருஷமா ஒழுங்கா இல்லையாம். ஒரு தடவை இருபது நாள்ல வரும், அடுத்தது ரெண்டு மாசம் கழிச்சு வரும், வந்தா அதிகமா போகும். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு.

நான் அப்போ என்ன பண்ணினேன் தெரியுமா? ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். இஞ்சினியர் புத்தி, முதல்ல டேட்டா எடுப்போம்னு. தினம் காலையில அது "தூக்க மதிப்பெண் 41"னு காட்டும். அம்மா அதப் பார்த்துட்டு, பரீட்சையில ஃபெயில் ஆன புள்ள மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் கையைத் தூக்கி மணி பார்ப்பாங்க. இருந்த கொஞ்சத் தூக்கமும் போச்சு. வாட்ச் இப்போ அப்பா கையில இருக்கு, நடைப்பயிற்சிக்கு உபயோகமாகுது.

அதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுல இருந்து ஒரு அட்டை மாத்திரை வந்திருக்கு. அல்பிரசோலம். சீட்டு இல்லாம விற்கக்கூடாத பட்டியல்ல, அதாவது அட்டவணை எச்1ல இருக்கிற மருந்து. நம்ம தெருக்கள்ல அது சர்க்கரை, காபித்தூள் மாதிரி கைமாறுது. முதல் வாரம் அம்மா நல்லாத் தூங்கினாங்க. ஒரு மாசத்துல ஒண்ணு பத்தாம ரெண்டு ஆச்சு. போடாத அன்னைக்கு முன்னாடி இருந்ததவிட மோசம், கை நடுக்கம்.

ஒரு டாக்டர்கிட்ட போனோம். எந்த ஊர், எந்த கிளினிக்குன்னு வேணாம். "வயசாகுதில்ல, சகஜம்தான், மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க"ன்னு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. சகஜம்தான். ஆனா சகஜமா நடக்கிறதுங்கிறதும் அனுபவிச்சே தீரணும்ங்கிறதும் வேற வேற இல்லையா? பிரசவ வலியும் சகஜம்தான்.

அப்புறம்தான் அந்த பிளவுஸ்.

தை மாசம், முகூர்த்த சீசன். காஞ்சிபுரம் பட்டுப் புடவை, கூடவே நெய்த பிளவுஸ் துணி. இருபத்தஞ்சு வருஷமா கத்திரி பிடிக்கிற கை. முன்பக்கக் கழுத்தோட இறக்கத்த பின் துணியில வெட்டிட்டாங்க. அதே பட்டு கடையில கிடைக்காது, புடவையோட சேர்ந்து நெய்தது. கல்யாணத்துக்கு நாலு நாள். வேற துணி தேடிப் பிடிச்சு, ஆரி வேலைக்கு ஆள் பிடிச்சு, ஒரு மாச வருமானம் அதுலயே போச்சு. பணம்கூட பரவாயில்ல. அன்னைக்கு ராத்திரி அம்மா வெட்டின துணிய மடியில வெச்சுக்கிட்டு சொன்னாங்க: "தினம் விடியும்போது எதுக்குடா விடியுதுன்னு இருக்கு."

எனக்கு உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. மறுநாள் மொட்டை மாடியில நின்னு 14416க்கு போன் பண்ணேன். டெலி மானஸ்னு மத்திய அரசு 2022ல ஆரம்பிச்ச மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம். எடுத்தவங்க பொறுமையாக் கேட்டாங்க. இந்த மாதிரி எண்ணம் அடிக்கடி வருதா, தானே முடிச்சுக்கணும்னு தோணுதான்னு அம்மாகிட்ட நேரடியாவே கேளுங்க, கேட்டா யோசனைய தூண்டிவிட்ட மாதிரி ஆகாதுன்னாங்க. கேட்டேன். "அப்படியெல்லாம் இல்லடா, களைச்சுப் போச்சு, அவ்வளவுதான்"னாங்க. அன்னைக்குதான் நாங்க ரெண்டு பேரும் முதல் தடவையா எல்லாத்தையும் பேசினோம். மாதவிடாய், வேர்வை, மாத்திரை, எல்லாம்.

எங்க ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு, தெரிஞ்சிருக்கும். திரிபுரம் எரிக்கக் கிளம்பின சிவனோட தேர், முதல்ல பிள்ளையாரைக் கும்பிடாம கிளம்பினதால, இங்க அச்சு முறிஞ்சு நின்னுடுச்சுன்னு. அச்சு இற்ற ஊர். நானும் அப்படித்தான். அடிப்படை டெஸ்ட் ஒண்ணுகூட பார்க்காம வாட்ச் வாங்கக் கிளம்பினவன்.

செங்கல்பட்டுல ஒரு மகப்பேறு டாக்டரம்மாவப் பார்த்தோம். அவங்க கேட்ட முதல் கேள்வி, "படுத்தா கால் குடையுதாம்மா?" அம்மா ஆச்சரியமாப் பார்த்தாங்க. ஆமா, குடையுது, ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கும், ஆனா அதையும் தூக்கத்தையும் சேர்த்து யாரும் கேட்டதில்ல. ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8.4. இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின் அடிமட்டம். மாதவிடாய் நிக்கறதுக்கு முந்தின வருஷங்கள்ல ரத்தம் அதிகமாப் போகும், அதுல இரும்பு குறையும், இரும்பு குறைஞ்சா ராத்திரி கால் குடைச்சல் வரலாம், கால் குடைஞ்சா தூக்கம் வராது. அப்புறம் தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன். குறட்டை உண்டான்னு அப்பாவக் கேட்டாங்க, ஏன்னா இந்த வயசுக்கு அப்புறம் பெண்களுக்கும் மூச்சுத்தடைத் தூக்கக் கோளாறு கூடுது. அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

இரும்பு மாத்திரைய காபி, டீயோட போடக்கூடாது, உடம்புல சேராதுன்னாங்க. சாயங்காலக் காபி அதுல தானா நின்னுச்சு. அது தூக்கத்துக்கும் நல்லதாப் போச்சு.

வேர்வைக்கும் விளக்கம் சொன்னாங்க. பன்னெண்டு மாசம் தொடர்ந்து மாதவிடாய் வரலன்னாதான் மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு சராசரியா 46 வயசை ஒட்டி அது வருதுன்னு இந்திய மெனோபாஸ் சொசைட்டியோட ஆய்வு சொல்லுது. மேற்கு நாடுகள்ல 51. அதுக்கு முந்தின சில வருஷங்கள்தான் பெரிமெனோபாஸ். நாம நினைக்கிற மாதிரி ஈஸ்ட்ரோஜன் படிப்படியா இறங்காது, ஏறும், விழும், மறுபடி ஏறும். அந்த ஆட்டத்துல மூளையோட வெப்பக் கட்டுப்பாடு குழம்புது. எங்க பாஷையில சொன்னா, அலர்ட்டோட வரம்ப ரொம்ப இறுக்கமா வெச்ச மாதிரி. உடம்புச் சூடு துளி ஏறினாலே "தீ, தீ"ன்னு அலாரம் அடிச்சு வேர்வைய ஊத்திவிடும். இன்னொரு ஹார்மோன் புரோஜெஸ்டிரோன். அதுல இருந்து உண்டாகிற ஒரு பொருள் மூளையில காபா ஏற்பிகள்ல வேலை செஞ்சு அமைதிப்படுத்துது. அல்பிரசோலமும் அந்த ஏற்பிகள்லதான் வேலை செய்யுது. அதாவது உடம்பு தானே தயாரிச்சுக்கிட்டிருந்த மருந்தோட வரத்து குறையுது.

ஹார்மோன் சிகிச்சையப் பத்தியும் பேசினாங்க. அம்மா உடனே "ஹார்மோன்னா கேன்சர்"ன்னாங்க. அந்தப் பயம் 2002ல அமெரிக்காவுல வெளியான பெரிய ஆய்வுல இருந்து பரவினது. அதுல இருந்த பெண்களோட சராசரி வயசு 63. அறுபதுக்குக் கீழ, மாதவிடாய் நின்னு பத்து வருஷத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறன்னு பின்னாடி வந்த அலசல்கள் சொல்லுது. ஆனா ரத்தப்போக்குக்குக் காரணம் தெரியாம ஆரம்பிக்க மாட்டாங்க, எல்லாருக்கும் பொருந்தவும் பொருந்தாது. அம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கறேன்னாங்க. அது அவங்க முடிவு, விட்டுட்டேன்.

இரும்பு ஏறி கால் குடைச்சல் குறைஞ்சுது. ஆனா தூக்கம் முழுசா வரல. அப்போதான் டாக்டரம்மா மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினாங்க. "எனக்கென்ன பைத்தியமா?" வீட்ல ரெண்டு நாள் சண்டை. கடைசியில அப்பாதான் "நானும் கூட வரேன், எனக்கும் சேர்த்துப் பார்த்துடலாம்"னு கூட்டிட்டுப் போனார்.

தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லையாம். சி.பி.டி.-ஐன்னு ஒரு பேச்சு, பழக்க முறை. அமெரிக்க மருத்துவர் கழகம் 2016லயே இதத்தான் முதல்ல கொடுக்கணும்னு பரிந்துரை பண்ணிச்சு. அதே வருஷம் இன்னொரு ஆய்வு: மாதவிடாய் நிக்கிற காலத்துல தூக்கம் கெட்ட 106 பெண்கள், எட்டு வாரத்துல ஆறு தடவை போன்லயே பயிற்சி. தூக்கமின்மையோட தீவிரத்தக் காட்டுற மதிப்பெண், பயிற்சி எடுத்தவங்களுக்கு சுமார் பத்து குறைஞ்சுது, மெனோபாஸ் பத்தி வெறும் பாடம் கேட்டவங்களுக்கு அதுல பாதிதான். அம்மாவுக்கும் உளவியலாளர் வாரம் ஒரு தடவை போன்லதான் பேசினாங்க.

முதல் வேலை ஒரு ரூல்டு நோட்டு. எத்தனை மணிக்குப் படுத்தேன், சுமாரா எப்போ தூங்கினேன், எப்போ எழுந்தேன். ராத்திரி கடிகாரம் பார்க்கக்கூடாது, காலையில ஞாபகத்துல எழுதினா போதும். ரெண்டு வாரக் கணக்கு: படுக்கையில ஒன்பதே காலுல இருந்து அஞ்சரை வரை, எட்டே கால் மணி நேரம். தூங்கினது நாலே முக்கால். நூத்துக்கு 58.

அதுக்குக் கொடுத்த வைத்தியத்தக் கேட்டு அம்மா சிரிச்சிட்டாங்க. "தூக்கம் வரலன்னு போனா, தூங்காதன்னு சொல்றாங்கடா." படுக்கையில இருக்கிற நேரத்தையே அஞ்சரை மணி நேரமாக் குறைக்கணும். ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு முன்னாடி படுக்கக்கூடாது, அஞ்சே காலுக்கு எழுந்தே ஆகணும், பகல்ல தூங்கக்கூடாது. ஆர்தர் ஸ்பீல்மன்ங்கிறவர் 1987ல எழுதின முறை. தூக்கம் வராம புரண்டா எழுந்து வேற ரூமுக்குப் போயிடணும், கண்ணு சொக்கினா மட்டும் திரும்பி வரணும். இது அதுக்கும் முன்னாடி, 1972ல ரிச்சர்ட் பூட்சின் சொன்னது. மாசக்கணக்கா படுக்கை போராடற இடமா பழகிப்போச்சு, அத மாத்தணும்.

கேட்க சுலபம். அச்சரப்பாக்கத்துல ராத்திரி பத்தரைக்கு சீரியல் முடிஞ்சா அதுக்கு மேல என்ன பண்றது? தெருவே அடங்கிடும். ரயில் போற சத்தம் மட்டும் கேட்கும். முதல் ரெண்டு வாரம் நரகம். அம்மா நின்னுக்கிட்டே தூங்கினாங்க. ஸ்கூட்டி சாவிய வாங்கி ஒளிச்சு வெச்சேன், ஏன்னா நூல், லைனிங் வாங்க மதுராந்தகத்துக்கு ஜி.எஸ்.டி. ரோட்லதான் போவாங்க, அந்த ரோட்ல கண்ணசந்தா அவ்வளவுதான். பஸ்லதான் போய்ட்டு வந்தாங்க. கட்டிங்கும் நிறுத்தி வெச்சு, ஹூக் கட்டுறது, ஹெம்மிங் மட்டும். வலிப்பு, இருதுருவ மனநோய் இருக்கிறவங்களுக்கு இந்த முறை ஆபத்து, அதனால கேட்டுட்டு நீங்களே ஆரம்பிச்சுடாதீங்க. அல்பிரசோலத்தையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சாங்க, திடீர்னு நிறுத்தல.

ராத்திரி பத்தரைல இருந்து பதினொன்னே முக்கால் வரை நான் துணைக்கு உட்கார்ந்தேன். அப்பா ரெண்டு நாள் தாயம் ஆடிப் பார்த்துட்டு சரண்டர். அம்மா பழைய துணியெல்லாம் பிரிச்சு தலையணை உறை தைச்சாங்க. எங்க வீட்ல இப்போ முப்பது தலையணை உறை இருக்கு, தலையணை ஆறுதான்.

மூணாவது வாரம் ஒரு நாள் அஞ்சே காலுக்கு அலாரம் அடிச்சு அடிச்சு நிக்குது, அம்மா எழுந்திருக்கல. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூச்சு வருதான்னு பார்த்தேன், பொய் சொல்லல. தூங்கிட்டிருந்தாங்க. எழுப்பணும், விதி அதுதான். எழுப்ப மனசே வரல. எழுப்பினேன், திட்டு வாங்கினேன்.

ஒரு வாரத்தோட கணக்கு 85ஐத் தாண்டினா கால் மணி நேரம் கூட்டலாம். பத்து வாரத்துல படுக்கிற நேரம் பத்தே முக்காலுக்கு வந்துச்சு. ஆறரை மணி நேரம் படுக்கை, ஆறு மணிக்குக் கொஞ்சம் கம்மியா தூக்கம். வேர்வை இன்னும் வருது. ஆனா வந்தா துடைச்சுட்டுத் திரும்பப் படுக்க முடியுது. மோசமான ராத்திரியும் வருது, போன வாரம்கூட ரெண்டு. கட்டிங் திரும்ப ஆரம்பிச்சாச்சு. பட்டு மட்டும் மத்தியானத்துக்கு முன்னாடிதான் வெட்டறாங்க, அது அவங்களே வெச்சுக்கிட்ட ரூல்.

போன மாசம் மேல்மருவத்தூர்ல இருந்து சித்தி போன். அம்மாவவிட மூணு வயசு சின்னவங்க. ரொம்ப நேரம் வேற ஏதேதோ பேசிட்டு, கடைசியில குரலத் தாழ்த்தி, "அக்கா, அந்த நோட்ல என்னென்ன எழுதணும்?"னு கேட்டாங்களாம். அம்மா சொன்ன பதில் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்டுச்சு. "நோட்டு அப்புறம்டி. முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணு. கால் குடையுதா, அதச் சொல்லு."

அடுத்த வாரம் நம்ம வழக்கமான விஷயத்துக்கு வந்துடலாம், நோட்டீஸ் பீரியட் பத்தி. வரேன் மக்களே. பத்தே முக்கால் ஆகப்போகுது, அம்மா லைட்ட அணைக்கச் சொல்றாங்க.