நித்தியகல்யாணி: இலை வேறு, வேர் வேறு

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நித்தியகல்யாணியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய இச்செடி, நமது தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. இதன் இலைக்கும் வேருக்கும் எதற்காக விலை தருகிறார்கள் என்பது தெரிந்தால், அறுவடையில் எங்கே கவனம் வேண்டும் என்பது விளங்கிவிடும்.

ஜமைக்கா நாட்டில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். 1952ஆம் ஆண்டு அங்கிருந்து சில இலைகள் கனடாவிலுள்ள ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளரை வந்தடைந்தன. சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அவரும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். இதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவை. இதற்கு மூலப்பொருளான விண்டோலின் பச்சை இலையில் உண்டாகிறது, வேரில் உண்டாவதில்லை. வேரில் இருப்பது அஜ்மலிசின் என்ற வேறு பொருள். அது இரத்த ஓட்டக் கோளாறுகளுக்கான மருந்து. எனவே இலையும் வேரும் தனித்தனிச் சரக்குகள். இரண்டையும் ஒரே மூட்டையில் கலந்தால் இரண்டின் தரமும் கெடும்.

வடிகால் வசதியுள்ள மணற்பாங்கான நிலம் ஏற்றது. நீர் தேங்கினால் செடி அழுகிவிடும். ஜூன், ஜூலையில் ஏக்கருக்கு ஒரு கிலோ விதையை, பத்துப் பங்கு மணலுடன் கலந்து, 45 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைக்கலாம். ஆறாவது, ஒன்பதாவது மாதங்களில் இலை பறிக்கலாம். பன்னிரண்டாவது மாதம் தண்டை அறுத்தபின், நிலத்தை உழுது வேரைப் பொறுக்கிக் கழுவுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. புற்றுநோய் மருந்து இதில் இருக்கிறது என்பதற்காக வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். இச்செடி நஞ்சு. மருத்துவமனையில் அந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தத்தைப் பரிசோதித்த பிறகே இரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். நம் வீட்டுக் கஷாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? நோய் கண்டவர்களை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆடுமாடுகளுக்கும் இது தீவனமாகாது.

கடைசியாக ஒன்று. நெல்லைப் போல இதை எந்தச் சந்தையிலும் விற்றுவிட முடியாது. ஆகவே இலைக்கு என்ன விலை, வேருக்கு என்ன விலை, யார் வாங்குவார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அதன்பின் விதை வாங்குங்கள்.