வீடு மாற்றி விடுமுறை

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதுமையாகவும் சிலருக்குச் சிரிப்பாகவும் தோன்றலாம். முன்பின் கண்டறியாத ஒரு குடும்பத்தாரிடம் நம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுத் திறப்பை நாம் வாங்கிக்கொள்கிறோம். விடுமுறை நாட்களை அவர்கள் வீட்டில் நாமும், நம் வீட்டில் அவர்களும் கழிக்கிறோம். நாட்கள் முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு அவரவர் திரும்புகிறோம். வாடகை இல்லை, ஒரு சதமேனும் கைமாறுவதில்லை. மேல்நாடுகளில் இவ்வழக்கம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்து வருகிறது. இந்து இளைஞர் சங்க மேடையிலே இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், விருந்தோம்பலைப் பற்றி ஓயாது பேசுகின்ற நாம் நம்மையே உரைத்துப் பார்ப்பதற்கு இஃது ஒரு நல்ல உரைகல் என்பதே எமது விடையாகும்.

இவ்வழக்கத்தைச் செல்வர் தொடங்கினர் என்று எண்ணிவிடாதீர்கள். தொடங்கியவர்கள் பள்ளி ஆசிரியர்கள். 1953ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆசிரியர் சிலர் கூடி 'இன்டர்வக்' என்ற அமைப்பை நிறுவினர். இன்று 'ஹோம்லிங்க்' என வழங்கும் அமைப்பும் தன் தொடக்கத்தை அதே 1953ஆம் ஆண்டுக்கே கொண்டு செல்கிறது. ஆசிரியர்கள் ஏன் முந்திக்கொண்டனர்? காரணம் எளிது. கோடை விடுமுறை இங்கிலாந்தில் ஏறக்குறைய ஆறு கிழமை. பிரான்சில் ஏறக்குறைய எட்டுக் கிழமை. கையிலே நாள் நிறைய இருந்தது. பையிலே பணம் இல்லை. பிற நாடுகளைக் காணும் ஆவலோ மிகுதி. ஹொட்டேலில் குடும்பத்தோடு ஒரு மாதம் தங்க எந்த ஆசிரியரால் முடியும்? ஆனால், ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வீடு இருந்தது. அவர் ஊர்விட்டுப் போகும்போது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடக்கும் இரண்டு வீடுகளின் திறப்புகளை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் தங்குமிடம் கிடைத்துவிடுகிறது.

அந்தக் காலத்தையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954இலேதான். அந்நாட்டவர் வெளிநாடு செல்கையில் கொண்டுபோகக்கூடிய பணத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. 1966ஆம் ஆண்டில் அது ஆளுக்கு ஐம்பது பவுண் என்று குறுக்கப்பட்டது. தங்குவதற்கு அந்நியச் செலாவணி வேண்டாத ஒரு வழியின் அருமை அப்படிப்பட்ட காலத்திலேதான் தெரியும். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நமக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பணத்தைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நேற்றுவரை பகைவராக நின்ற நாட்டினர் மறுபடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பொப் லூயிற்வைலர் என்னும் அமெரிக்க இளைஞர் தொடங்கிய 'சேர்வாஸ்' இயக்கம், யாத்திரிகரை அந்நியர் வீடுகளில் விருந்தினராகத் தங்க வைத்து அதன்வழி சமாதானத்தை வளர்க்கலாம் என்று நம்பியது. அங்கே வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிறார், வந்தவர் விருந்தாளி. வீடு மாற்றுவோரோ இன்னும் ஒரு படி மேலே சென்றனர். வீட்டுக்காரர் வீட்டிலே இல்லை. வீடு முழுவதும் வந்தவர் கையில்!

இது நடைபெறும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். முற்காலத்தில் இவ்வமைப்புகள் அச்சிட்ட கையேடுகளை உறுப்பினருக்குத் தபாலில் அனுப்பின. வீடு எந்த ஊரில், எத்தனை அறை, பிள்ளைகள் உண்டா, நாய் பூனை உண்டா, மோட்டார் வண்டியும் மாற்றிக்கொள்ளப்படுமா என்பனவெல்லாம் அதிலே சுருக்கக் குறியீடுகளாக இருக்கும். விரும்பியவர் கடிதம் எழுதுவார். மறுமொழி வரும். படங்கள் போகும்; வரும். மாதக் கணக்கில் எழுதி எழுதி இரு குடும்பத்தாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வர். பயணம் புறப்படும் நாளில் அவர்கள் முற்றிலும் அந்நியர் அல்லர். 1992ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எட் குஷின்ஸ் என்பவர் தொடங்கிய 'ஹோம்எக்ஸ்சேஞ்ச்' அமைப்பும் முதலில் அச்சிட்ட கையேட்டை நம்பியே நடந்தது. பின்னர் இணையத்துக்கு மாறியது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'த ஹொலிடே' என்ற ஆங்கிலத் திரைப்படம் இவ்வழக்கத்தைப் பலரும் அறியச் செய்தது. இங்கிலாந்தின் சறே பகுதியில் உள்ள சிறு குடிலையும் லொஸ் ஏஞ்சல்ஸ் மாளிகையையும் இரு பெண்கள் மாற்றிக்கொள்ளும் கதை அது. கண்டோர் மனத்தைக் கவர்ந்த அந்தக் குடில் படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. படத்தில் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் பேச்சு, மெய்யாக மாற்றுவோருக்குப் பல கிழமை எடுக்கும்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை பல. மின்சாரக் கட்டணம் யாருக்கு, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு, காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தாயிற்றா என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வர். பெறுமதியானவற்றை ஓர் அலுமாரியிலோ அறையிலோ வைத்துப் பூட்டுவதில் குற்றமில்லை. தண்ணீர்க் குழாயை எங்கே அடைப்பது, குப்பை எடுப்போர் எந்த நாளில் வருவர், பூமரங்களுக்கு எப்போது நீர் ஊற்றுவது, அவசரத்துக்கு எந்த அயலவரைக் கூப்பிடுவது என்று ஒரு கொப்பியிலே எழுதி மேசைமேல் வைப்பர். படுக்கைக்குத் துவைத்த விரிப்பு, குளிர்பெட்டியில் பாலும் பாணும், முடிந்தால் ஒரு வரவேற்புக் கடிதம். திரும்பிப் போகும்போது வீடு வந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் பெரிய வித்தையன்று. ஆயினும், நம்பிக்கை என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, இப்படிப்பட்ட சிறு சிறு ஒழுங்குகளினாலேயே கட்டப்படுகிறது என்பதை இவை நமக்குக் கற்பிக்கின்றன.

பொருளியல் கற்போர் இதில் ஒரு நுட்பத்தைக் காண்பர். வீடு மாற்றம் ஒரு பண்டமாற்று. என்னிடம் உள்ளது உனக்கும், உன்னிடம் உள்ளது எனக்கும், அதுவும் ஒரே காலத்தில் வேண்டியிருந்தாலன்றிப் பண்டமாற்று நடவாது என்று 1875ஆம் ஆண்டில் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் எழுதினார். பாரிஸ் குடும்பம் ரோமுக்குப் போக விரும்பலாம். ரோமில் உள்ள குடும்பத்துக்கோ பாரிஸ் வேண்டாம், லண்டனே வேண்டும். இதற்கு மாற்றாக 2011இல் பிரான்சில் தொடங்கிய ஓர் அமைப்பு புள்ளிகளைக் கொடுத்தது. உன் வீட்டில் ஒருவரைத் தங்கவைத்தால் உனக்குப் புள்ளி; அப்புள்ளியைக் கொண்டு வேறொருவர் வீட்டில் நீ தங்கலாம். 2017இல் அந்த அமைப்பே ஹோம்எக்ஸ்சேஞ்சையும் வாங்கிக்கொண்டது. இதனால் வசதி பெருகியது உண்மை. ஆயினும், பழைய முறையில் ஓர் அழகு இருந்தது. உன் வீட்டில் நானும் என் வீட்டில் நீயும் ஒரே நாளில் இருக்கும்போது ஒருவர் வீடு மற்றவர் வீட்டுக்குப் பிணையாகி நிற்கிறது. உன் பீங்கானை நான் எப்படிக் கழுவுகிறேனோ அப்படியே என் பீங்கானை நீ கழுவுகிறாய். ஓர் இரவுக்கு ஓர் இரவு. மாளிகைக்காரருக்கு மேலதிகமாகவும் குடில்காரருக்குக் குறைவாகவும் கணக்குப் போடுவதில்லை. விருந்தில் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே. இங்கே இரு கையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

இதிலுள்ள குறையையும் மறைத்தலாகாது. வீடுள்ளவருக்கே இந்தச் சமத்துவம். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற வேண்டும். வீடே இல்லாதவர் மாற்றுவதற்கு எதை வைத்திருக்கிறார்? நமது நாட்டவர் ஐரோப்பாவுக்குப் போக முதலில் விசா வேண்டும். பாரிஸ் ஆசிரியர் தம் திறப்பை நமக்குத் தரச் சம்மதித்தாலும் அவருடைய நாட்டின் வாயில் நமக்கு எளிதில் திறவாது.

ஆகவே, அவ்வழக்கத்தை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதனை உரைகல்லாக வைத்து நம்மைச் சிறிது பார்ப்போம்.

'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். உறவினர் விருந்தினரல்லர், புதிதாய் வருபவரே விருந்தினர். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியவருக்காக, விதைத்த நெல்லை வாரிவந்து, கூரையின் வரிச்சையே விறகாக வெட்டிக் கொடுத்த இளையான்குடி மாறநாயனார் கதையை நம் பிள்ளைகளெல்லாம் அறிவர். மூன்று அந்நியரை ஓடிச்சென்று எதிர்கொண்டு, கால் கழுவ நீரும் உண்ண உணவும் கொடுத்த ஆபிரகாமின் கதையைக் கிறித்தவ வேதாகமம் சொல்கிறது. இவ்விருவரில் எவரும் வந்தவரின் குலத்தை விசாரிக்கவில்லை.

நம் யாழ்ப்பாணத்து முன்னோரும் வழிப்போக்கரை மறந்தாரல்லர். பழைய வீடுகளின் வாயிலில் கூரை வேய்ந்து திண்ணை வைத்த சங்கடப்படலை, களைத்து வருவோர் இருந்து இளைப்பாறவே கட்டப்பட்டது. பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. இவை நமக்குப் பெருமை தருவன. ஆயினும், பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். சங்கடப்படலை வாயிலிலே இருக்கிறது. மடம் தெருவிலே இருக்கிறது. படலைக்கு உள்ளே, திண்ணைக்கு உள்ளே, அடுக்களைக்கு உள்ளே எவர் வரலாம் என்பதை நாம் எதைக் கொண்டு தீர்மானித்தோம்? 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே கோயில் வாயிலில் எழுந்த கேள்வி அதுவே. கோயிற் கதவுகளைப் பற்றி நாம் பேசக் கற்றுக்கொண்டோம். வீட்டுக் கதவைப் பற்றிப் பேசத்தான் இன்னும் தயங்குகிறோம்.

வீடு மாற்றுவோர் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டிலிருந்து நாம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அங்கேயும் நிபந்தனைகள் உண்டு. "இந்த வீட்டில் புகைக்கலாகாது" என்று எழுதலாம். நாமாயின், "இந்த அடுக்களையில் மச்சம் சமைக்கலாகாது, சாமி அறைக்குள் செருப்போடு போகலாகாது" என்று எழுதலாம். நல்ல மனிதர் எவரும் அதற்குக் கோபிக்கமாட்டார். ஒருவருடைய நடத்தையைக் குறித்து நிபந்தனை வைக்கலாம்; அவருடைய பிறப்பைக் குறித்து வைக்கலாகாது. ஆசாரம் என்பது இடத்தைத் தூய்மையாக வைத்திருப்பதானால் அதனை எவரும் கைக்கொள்ளலாம். எவரும் கைக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சிலர் மாத்திரம் கைக்கொள்ள முடியும் என்று சொல்வது ஆசாரமன்று.

இது நம்மால் ஆகாத காரியம் என்று எவரும் சொல்லக்கூடாது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாம் பிறந்திருக்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர் பலர் அந்தப் பாதையிலே நடந்தவர்கள். சிலர் அங்கே கதவு திறந்து கொடுத்தவர்கள். முகமறியாதோர் வீட்டு விறாந்தையில் படுத்து, அவர்கள் கிணற்றில் குளித்து, அவர்கள் அடுப்பிலே சமைத்த கதைகளைக் கேட்டே எமது தலைமுறை வளர்ந்தது. துன்பம் வந்தபோது திறந்த கதவு இன்பமான நாட்களில் ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

ஆதலால், சங்கத்தின் முன் ஒரு சிறு யோசனையை வைக்கிறோம். நமக்குச் சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகள் உண்டு. மலையகத்து ஆசிரியர் குடும்பம் ஒன்று நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளில் சில நாளேனும் இங்கிருந்து தரிசிக்க விரும்பும். இங்குள்ள குடும்பம் ஒன்று பதுளையின் குளிர்ச்சியை நாடும். மட்டக்களப்பாருக்கு யாழ்ப்பாணம் புதிது. யாழ்ப்பாணத்தார் பலருக்கு மட்டக்களப்பு வாவி படத்திலேதான் தெரியும். பிற மாவட்டங்களிலுள்ள இளைஞர் சங்கங்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, முதலில் ஐந்து குடும்பங்கள் ஐந்து குடும்பங்களோடு நான்கு நாட்கள் வீடு மாற்றிப் பார்க்கலாம். அடுத்த ஆண்டில் மாத்தறையிலோ குருநாகலிலோ உள்ள சிங்கள ஆசிரியர் சிலரையும் அழைக்கலாம். அவர்கள் மேசைமேல் வைக்கும் கொப்பியை வாசிப்பதற்காகவேனும் நாம் சிங்களம் கற்போம்; நம் கொப்பியை வாசிப்பதற்காக அவர்கள் தமிழ் கற்கட்டும். விண்ணப்பப் படிவத்திலே அறைகளின் எண்ணிக்கையையும் கிணற்று நீரின் தன்மையையும் கேட்போம். சாதியைக் கேட்கும் வரி அதிலே இராது.

ஒருவருடைய வீட்டில் நான்கு நாள் வாழ்ந்தவன், அவர்கள் பிள்ளையின் பள்ளிக் கொப்பியையும் தாயின் மருந்துப் போத்தலையும் சுவரிலே மாலையிட்ட தந்தையின் படத்தையும் கண்டவன், பின்னர் அவர்களைப் பற்றி எவர் எது சொன்னாலும் எளிதில் நம்பமாட்டான். அப்படி நம்ப மறுக்கும் சிலர் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாலே நாட்டுக்குப் பெரும் நன்மை விளையும்.

இளைஞர்களே, திறப்பு பெரியோர்களிடம் இருக்கிறது. பெரியோர்களே, அதனை எம்மிடம் தாருங்கள். பத்திரமாகத் திருப்பிக் கொடுப்போம்.