கேட்டலும் மாற்றலும்



ஏரியின் நீர்மட்டத்தை அளவுகல்லில் பார்ப்பது ஒரு செயல். மதகுப் பலகையைத் தூக்குவது வேறொரு செயல். முன்னதால் ஊர்க்குக் கேடில்லை. பின்னதில் தவறினால் விளைந்த வயலே அழியும். கணினி வலையமைப்புக்கும் இஃது ஒக்கும்.

வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்தே ஆள உதவுவது எசு.என்.எம்.பி. எனும் நெறிமுறை. அதன் முதல் வரையறை 1988இல் வெளிவந்தது. மேலாளும் கணினி வினவும். கருவியினுள் இயங்கும் முகவர் விடையிறுக்கும். கருவியின் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்தொடர் உண்டு. 1.3.6.1.2.1.1.5.0 என வினவினால் கருவி தன் பெயரைக் கூறும். இங்ஙனம் வினவும் 'கெட்' என்பதைப் 'பெறு' என்போம். மாற்றும் 'செட்' என்பதை 'அமை' என்போம்.

'பெறு' அளவுகல், 'அமை' மதகு! கருவியின் இணைவாய் ஒன்றிற்கு 1 என அமைத்தால் திறக்கும். 2 என அமைத்தால் மூடும். கட்டளை வந்த வாயிலையே ஒருவர் மூடிவிட்டால் என்னாகும்? மாற்றுவழி இல்லையேல், மீண்டும் திறக்கச் சொல்லும் கட்டளை உள்ளே புகாது. அமர்ந்த கிளையை அறுத்தவர் நிலைதான். கருவி இருக்குமிடத்திற்கு நடந்தே செல்லல் வேண்டும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இந்நெறிமுறையின் முதலிரு வடிவங்களிலும் காவற்சொல் மறைப்பின்றி வெளிப்படையாகவே செல்லும். இடையில் ஒட்டுக்கேட்போர்க்கு அது தெற்றெனப் புலனாகும். அதன்மேலும், படிப்பதற்குப் 'பப்ளிக்', மாற்றுவதற்குப் 'பிரைவேட்' எனும் சொற்களோடேயே கருவிகள் பல தொழிலகத்தினின்று வந்தன. வாங்கியோர் பலர் அவற்றை மாற்றினாரல்லர். ஊரறிந்த சொல் காவற்சொல் ஆகுமோ? மதகின் திறவுகோலை மதகிலேயே தொங்கவிட்டது போலன்றோ இது!

2002இல் முழுச் செந்தரமான மூன்றாம் வடிவம் இக்குறையை நீக்க வழி செய்தது. கேட்பவர் இன்னார் என அதனால் உறுதிசெய்யலாம். செய்தியை மறையீடு செய்தும் அனுப்பலாம். ஆயினும் அவ்வசதிகளை நாம்தான் இயக்கி வைத்தல் வேண்டும்.

ஆகவே, வலையமைப்பைக் காப்போர் நான்கு செய்க. தொழிலகச் சொல்லை முதல்நாளே மாற்றுக. படித்தல் போதுமான இடத்தில் மாற்றும் உரிமையை அடைத்து வைக்க. 'அமை' எனுமுன் 'பெறு' என வினவிப் பழைய மதிப்பைக் குறித்துக் கொள்க. அமைத்தபின் மீண்டும் வினவி, மாற்றம் நிகழ்ந்ததா எனத் தெளிக.

கேளாது மாற்றுதல் கண்மூடி மதகு தூக்குதலாகும். கேட்டு மாற்றுவோம்; மாற்றியபின்னும் கேட்போம்!