புதிய கணிப்பொறிக்கும் வேலி வேண்டும்

(தூத்துக்குடி மாவட்ட உழவர் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டமாயினும், விளாத்திகுளத்துக் கரிசல் காடாயினும், பட்டா நகல், பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் பதிவு ஆகியவற்றை இன்று கணிப்பொறி வழியாகவே பார்க்கிறோம். பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணிப்பொறியிலேயே ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்துவிடுகின்றன. ஆடு மேயும் ஊரில் வேலியில்லாமல் நாற்று விடுவோமா?

நான் புதுக் கணிப்பொறி வாங்கிய அன்று, அது கேட்ட கேள்விக்கெல்லாம் படித்துப் பாராமல் 'சரி' என்று அழுத்தினேன். பிறகு பார்த்தால், தேவையில்லாத அனுமதிகள் பலவும் திறந்தே கிடந்தன. நீங்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 11 கணிப்பொறியில், 'அமைப்புகள்' பகுதியைத் திறந்து, கீழ்க்கண்டவற்றைச் செய்யவும்.

1. விளம்பரத்துக்கான அடையாள எண்ணை நிறுத்திவிடவும். கணிப்பொறி நிறுவனத்துக்கு அனுப்பும் விவரங்களில், கட்டாயமானவை போக மற்றவை வேண்டாம்.

2. வீட்டிலேயே இருக்கும் மேசைக் கணிப்பொறிக்கு இருப்பிட அனுமதி தேவையில்லை. மடிக்கணினிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொலைந்தால் தேட உதவும். ஒளிப்படக் கருவி, ஒலிவாங்கி ஆகியவற்றைத் தேவையான செயலிக்கு மட்டும் அனுமதிக்கவும்.

3. தானியங்கிப் புதுப்பித்தலையும் வைரஸ் பாதுகாப்பையும் நிறுத்தக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கணிப்பொறி வாங்குவோர் இதைக் கவனிக்கவும்.

4. நிர்வாகக் கணக்குக்குக் கடவுச்சொல் இட்டு உங்கள் வசம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு தனியே உண்டாக்கவும். அப்போது பல மென்பொருள்களை உங்கள் கடவுச்சொல் இல்லாமல் அவர்கள் நிறுவ இயலாது.

5. பல புதிய கணிப்பொறிகளில் வட்டு தானாகவே பூட்டப்படுகிறது. அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைக்கவும். சாவி இல்லாமல் பழுது நேர்ந்தால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே எடுக்க இயலாது போகலாம். முக்கிய நகல்களைத் தனிப் பென் டிரைவிலும் சேமிக்கவும்.

வேலி போட்டாலும், வாயிற்படலை நாமே திறந்துவிட்டால் பயனில்லை. பி.எம். கிசான் பெயரில் போலிச் செயலிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கைப்பேசி வழியே பணம் பறித்த மோசடிகள் நடந்துள்ளன. ரூ.2,000 தவணைக்காக வங்கி இருப்பையே இழக்கலாமா? முன்பின் அறியாத கோப்பைத் திறக்க வேண்டாம், ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்ல வேண்டாம். பணம் பறிபோனால் தாமதியாமல் 1930 எண்ணை அழைக்கவும்.

நம் கடலில் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குபவர் தம் கயிற்றை நம்பிக்கைக்குரியவர் கையில்தான் கொடுப்பார். உங்கள் கடவுச்சொல்லும் அத்தகைய கயிறே. இன்றிரவே அரை மணி நேரம் ஒதுக்கி, இவ்வைந்தையும் செய்து முடியுங்கள்.