அருளனுபவமும் ஆராய்ச்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

சென்ற பங்குனி உத்திரத்தன்று நம் குடியிருப்பில் காவடி எடுத்தபோது, அருள் வந்து ஆடிய அம்மையார் ஒருவரைக் கண்டு, நம் வீட்டுச் சிறுவன், "அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று வினவினான். "முருகன் வந்திருக்கிறான்" என்றார் ஒரு பெரியவர். "வெறும் நரம்புக் கோளாறு" என்றார் கல்லூரி மாணவர் ஒருவர். சிறுவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இரு விடைகளும் அவனுடைய வாயை அடைத்தனவேயன்றி ஐயத்தைத் தீர்க்கவில்லை. அவனுக்கு நாம் என்ன சொல்வது? இதுபற்றி அறிஞர்கள் கூறுவனவற்றுள் சிலவற்றை இன்று சிந்திப்போம்.

அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இத்துறைக்கு அடித்தளமாயின. அவர் சமயச் சடங்குகளைவிடத் தனிமனிதர் தம் அனுபவத்தைத் தாமே எழுதி வைத்த குறிப்புகளையே பெரிதும் ஆராய்ந்தார். சொல்லில் அடங்காமை, அறிவொளி தருதல், நெடுநேரம் நில்லாமை, தன் செயலற்று ஆட்கொள்ளப்படுதல் ஆகிய நான்கும் அருளனுபவத்தின் அடையாளங்கள் என்றார். அதனினும் சிறந்த கருத்தொன்றையும் சொன்னார். ஓர் அனுபவம் உடலில் எங்கே தோன்றிற்று என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளக்கலாகாது; வாழ்க்கையில் அது தரும் பயனைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதே அது. கல்லூரி மாணவருக்கு இது தக்க மறுமொழியன்றோ?

செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஆட்டோ 1917இல் வெளியிட்ட நூலில், புனிதத்தின் முன் மனிதன் நடுங்கவும் செய்கிறான். அதனால் ஈர்க்கப்படவும் செய்கிறான் என்றார். கருவறையின் இருளில் விளக்கொளி அசையும்போது நாமும் இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்ததுண்டு.

இனி, பெரியதொரு வழக்கு எழுகிறது. அனுபவம் எல்லாச் சமயத்தார்க்கும் ஒன்றுதானா? இலங்கையில் ஆட்சிப்பணி புரிந்து பின்னர்த் தத்துவப் பேராசிரியரான ஸ்டேஸ், 1960இல் எழுதிய நூலில், அனுபவத்தின் உள்ளீடு ஒன்றே, விளக்கங்களே வேறு என்று வாதிட்டார். 1978இல் ஸ்டீவன் காட்ஸ் இதனை மறுத்தார். அவரவர் பயின்ற மொழியும் மரபும் அனுபவத்திற்குப் பின்னர் வந்து ஒட்டிக்கொள்வன அல்ல. அவை முன்னதாகவே அதனை உருவாக்குகின்றன என்றார்.

நாம் அறிந்த சான்று ஒன்றை இவ்வழக்கில் நிறுத்துவோம். 1896இல் மதுரையில், சிற்றப்பா வீட்டு மாடியில், பதினாறு வயது வேங்கடராமனை மரண பயம் திடீரெனப் பற்றியது. நோய் ஏதும் இல்லை. பிணம்போல் படுத்து, "உடல் இறந்தால் நான் இறப்பேனா?" என்று உள்ளே தேடினார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அவரே ரமண மகரிஷி. வேதாந்தச் சொற்களை அவர் அன்று அறியார். பின்னர் நூல்கள் வாசிக்கக் கேட்டபோதே, தாம் முன்பே அடைந்ததற்கு அவை பெயரிடுவதை உணர்ந்தார். இது ஸ்டேஸுக்கு வலுவூட்டும். எனினும், அதற்கு முன்பே அவர் பெரிய புராணம் படித்து உருகியவர். அருணாசலம் என்னும் பெயரைக் கேட்டுச் சிலிர்த்தவர். இது காட்ஸுக்கு வலுவூட்டும். மேலும், அந்நிகழ்ச்சியை உலகறியச் செய்த நரசிம்ம சுவாமியின் ஆங்கில நூல் வெளிவந்தது 1931இல். அதாவது முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. யார், எப்போது, எம்மொழியில் சொன்னார் என்று வினவுவதும் ஆராய்ச்சியின் கடமையாகும், அது நிந்தையாகாது.

1985இல் பிரவுட்ஃபுட் என்னும் அறிஞர் வரைந்து காட்டிய எல்லை நமக்கு மிகவும் பயன்படும். கயிற்றைப் பாம்பென்று கண்டு ஒருவன் அஞ்சினான். "அவன் கயிற்றுக்கு அஞ்சினான்" என்று எழுதினால் பிழை; அவன் பாம்புக்கே அஞ்சினான். அச்சம் ஏன் எழுந்தது என்று விளக்கும்போது கயிற்றைப் பற்றிப் பேசலாம். அவ்வாறே, அனுபவம் இன்னதென்று கூறும்போது அதனை அடைந்தவருடைய சொற்களுக்கே முதலிடம் தரவேண்டும். காரணம் கூறும்போது நாம் அவரோடு மாறுபடவும் உரிமையுண்டு.

ஆகவே, நம் சிறுவனுக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே: "தம்பி, முதலில் அந்த அம்மையாரிடமே பணிவோடு கேள். அவர் சொல்வதை முழுதும் கேட்டபின் உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்."

ஆனால், அன்பர்களே, அம்மையார் தமிழில்தான் சொல்வார். "அருள்" என்றும், "ஆட்கொண்டான்" என்றும், "உள்ளம் உருகிற்று" என்றும் சொல்வார். ஞாயிறுதோறும் நடைபெறும் நம் தமிழ் வகுப்பில் இடம் நிறைய இருக்கிறது; பிள்ளைகள்தாம் குறைவு. அச்சொற்களின் பொருள் அறியாத பிள்ளைக்கு அவர் விடை எவ்வாறு விளங்கும்? நம்புவதும் மறுப்பதும் அவன் விருப்பம். ஆனால், எதனை நம்புகிறோம், எதனை மறுக்கிறோம் என்று அறியும் வாய்ப்பையேனும் நாம் அவனுக்கு அளித்தல் வேண்டும்.