குழந்தையும் ரூபாயும்



கடையிலே நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து முப்பது ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்குகிறோம். கடைக்காரர் பழத்தையும் கொடுத்து, ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய் நோட்டு இரண்டும் நம் கையில் வைக்கிறார். அருகில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை எதைக் காண்கிறது? நாம் கொடுத்தது ஒரு காகிதம்; பெற்றதோ பழமும் மூன்று காகிதங்களும். கடைக்காரரைப் போன்ற வள்ளல் வேறு யார்? ஆதலால், 'கையிலே காசில்லை' என்று நாம் சொல்லும்போது, 'கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வரலாமே' என்று அது யோசனை கூறுகிறது.

கேட்டு நாம் சிரிக்கிறோம், சிரிக்கத்தக்கதுதான். ஆயினும் சிரித்து ஓய்ந்த பின்னர் சற்றே எண்ணிப் பார்த்தால், குழந்தையின் தர்க்கத்தில் குறையொன்றும் இல்லை என்பது விளங்கும். கண்டதைக் கொண்டு அது முடிவு கட்டுகிறது. அந்த நூறு ரூபாய் நம் கைக்கு வந்த கதையை அது காணவில்லை. கடைக்காரர் விடியற்காலையில் மொத்த வியாபாரியிடம் பழத்துக்குக் கொடுத்த விலையையும் காணவில்லை. இத்தாலி நாட்டுப் பாதுவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்த்தி, பொம்பி என்னும் இரு மனவியல் அறிஞர்கள் இத்தகைய எண்ணங்களைக் குழந்தைகளிடம் கேட்டறிந்து தொகுத்தனர். 1988-இல் அவர்கள் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையே பணத்தின் ஊற்று என்று நம்பிய குழந்தைகளை அதிலே காண்கிறோம். ஆகவே நம் வீட்டுக் குழந்தை உலகக் குழந்தைகளோடு ஒத்தே சிந்திக்கிறது.

இவ்வகை எண்ணங்கள் இன்னும் பல. ஒரு பத்து ரூபாய் நோட்டையும் ஐந்து ஒரு ரூபாய் நாணயங்களையும் முன்னே வைத்து, எது வேண்டும் என்று கேட்டால், சின்னஞ்சிறு குழந்தை நாணயங்களையே அள்ளிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதற்கு இனமான ஓர் உண்மையைக் காட்டியிருக்கிறார். சம எண்ணிக்கையுள்ள இரண்டு வரிசைகளில் ஒன்றை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தால், ஆறேழு வயதுக்கு உட்பட்ட பல குழந்தைகள் பரந்த வரிசையிலேதான் அதிகம் இருக்கிறது என்பர். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர்களுக்குப் பெரிது. அந்த வயதில் அதட்டிக் கற்பித்துப் பயனில்லை. பொறுத்திருந்தால் தானே தெளியும்.

நோட்டைப் பாதியாகக் கிழித்தால் பாதிப் பணம் ஆகும் என்று நம்பும் குழந்தையும் உண்டு. இதிலே ஒரு வேடிக்கை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஐம்பது ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டு கிழிந்திருந்து, அதன் மிகப் பெரிய துண்டு முழு நோட்டின் பரப்பில் 40 சதவீதத்துக்குக் குறையாமலும் 80 சதவீதத்துக்கு மேற்படாமலும் இருக்குமானால், பாதி மதிப்பே கிடைக்கும். குழந்தை முற்றிலும் தவறிவிடவில்லை! என்றாலும், வேண்டுமென்றே கிழித்த நோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதையும் உடனே சொல்லிவைப்பது நலம்.

'பணம் போதவில்லையென்றால் நிறைய அச்சடித்துக்கொள்ளலாமே' என்பது சற்று வளர்ந்த பிள்ளையின் கேள்வி. பெரிய பெரிய நாடுகளே இந்த எண்ணத்தில் வழுக்கி விழுந்ததுண்டு. இதற்கு விடை சொல்லப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. பத்து மாம்பழங்களையும் பத்துச் சீட்டுகளையும் வைத்து, ஒரு சீட்டுக்கு ஒரு பழம் என்று விளையாடச் செய்யுங்கள். பின்னர் இருபது சீட்டுகளாக்குங்கள். சீட்டு பெருகிற்று, பழம் பெருகவில்லை. இப்பொழுது ஒரு பழத்துக்கு இரண்டு சீட்டுக் கேட்பார்கள். விலை ஏன் ஏறுகிறது என்பதைப் பிள்ளை தானே சொல்லிவிடும்.

இந்த எண்ணங்களெல்லாம் எக்காலத்துக்கும் உரியவை. இக்காலம் ஒரு புதிய இடையூற்றையும் சேர்த்திருக்கிறது. முன்னே குழந்தை காசைத் தொட்டாவது பார்த்தது. உண்டியலைக் குலுக்கினால் ஓசை கேட்டது. சட்டைப் பை இளைத்ததைக் கண்ணாலே கண்டது. 2016-இல் யூ.பி.ஐ. முறை நடைமுறைக்கு வந்த பிறகு, தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடமும் செல்பேசியைக் காட்டியே பணம் செலுத்துகிறோம். கட்டங் கட்டமான ஒரு படத்தின் முன் தந்தை பேசியை நீட்டுகிறார். கடையிலுள்ள சிறு பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்கிறது. சாமான் கைக்கு வருகிறது. படம் பிடித்தால் கடைக்காரர் பொருள் கொடுப்பார் என்று குழந்தை நினைத்தால் அதனைக் குறை கூற இயலுமா?

ஊரை விட்டு டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நமக்கு இதிலே தனிக் கவலை ஒன்று உண்டு. நம் வருவாயில் ஒரு பகுதி மாதந்தோறும் ஊருக்குச் செல்கிறது. ஒரு காலத்தில் அதற்காகத் தபால் நிலையம் சென்று மணியார்டர் படிவம் நிரப்பினார்கள். அதன் அடித்துண்டில் நலம் விசாரித்து இரண்டு வரி எழுதினார்கள். உடன் சென்ற பிள்ளைக்குப் பணம் எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்பது தெரிந்தது. இன்று இரண்டு விரல் அசைவில் அது நடந்துவிடுகிறது. பாட்டி மருந்து வாங்குவதும், தாத்தா வீட்டுக் கூரையை மாற்றுவதும் தன் தந்தையின் உழைப்பினால் என்பதைப் பேரப்பிள்ளை அறிவதே இல்லை. 'நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கனம்' என்று அது பிற்காலத்தில் மனக்கசப்புடன் கேட்குமானால், அக்கேள்விக்கு வித்திட்டது இந்த மறைவுதான்.

இனி, கற்பிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

பணத்தைப் புழங்கியே பணத்தை அறிய வேண்டும். கிளாஸ்கோ நகரில் பணியாற்றிய மனவியல் அறிஞர் குஸ்தாவ் யஹோடா, கடைக்காரருக்கு இலாபம் எப்படிக் கிடைக்கிறது என்று குழந்தைகளைக் கேட்டு ஆராய்ந்தார். வாங்கிய விலைக்கே கடைக்காரர் விற்கிறார் என்று எண்ணிய சிறுவர் அங்கே பலர். 1983-இல் வெளிவந்த அவருடைய மற்றோர் ஆய்வில், சிம்பாப்வே நாட்டில் 9 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் இலாபத்தின் நுட்பத்தை ஐரோப்பியப் பிள்ளைகளைவிட முன்னதாகவே உணர்ந்திருந்தனர். வீட்டாரின் சிறு வியாபாரத்தில் அவர்கள் கலந்துகொண்டதே காரணம் என்பது அவர் கருத்து.

நாம் வாழும் நகரங்களிலேயே நடந்த ஆய்வு ஒன்று 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் நடத்தியது அது. கொல்கத்தா, டில்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர், பல பொருள்களின் விலையைக் கூட்டி மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சொல்லிவிடுகின்றனர். அதே வகைக் கணக்கைப் பள்ளிக்கூட முறையில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகின்றனர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகளோ சந்தையில் தடுமாறுகின்றனர். சிறுவர் சந்தையில் உழைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அவர்கள் இருக்க வேண்டிய இடம் பள்ளியே. நம் பிள்ளைகளுக்கு மற்றப் பாதி அறிவையும் நாம் ஊட்ட வேண்டும் என்பதே கருத்து.

அதற்கு எளிய வழி, வாரம் ஒரு நாளேனும் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு ரொக்கத்துடன் சந்தைக்குச் செல்வது. டில்லியில் பேட்டைக்குப் பேட்டை சோம் பஜார், புத் பஜார் என்று கிழமைப் பெயரால் சந்தை கூடுகிறது. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் ஐம்பது ரூபாயைக் கொடுத்து, கொத்துமல்லியும் எலுமிச்சம்பழமும் வாங்கி மீதியை எண்ணி வாங்கும் பொறுப்பை விட்டுவிடுங்கள். கணக்கு வரும், அவ்வூர் மொழியும் வரும்.

நோட்டும் நாணயமுமே நல்ல பாடப்புத்தகங்கள். நம் ரூபாய் நோட்டின் பின்புறத்தில் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. மேலிருந்து பதின்மூன்றாவது வரி தமிழ். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு 'நூறு ரூபாய்' என்னும் அவ்விரு சொற்களைக் காட்டுங்கள். தன் மொழிக்கும் இந்நாட்டின் பணத்திலே இடமுண்டு என்பதைக் கண்டு அது மகிழும். நாணயத்தில் ஆண்டைக் குறிக்கும் எண்ணின் கீழே உற்று நோக்கினால், அது பிறந்த ஊர் தெரியும். வைரவடிவம் மும்பையையும், நட்சத்திரம் ஐதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறியேதும் இல்லையேல் கொல்கத்தா. காசை வீணாக்காதே என்று பத்து முறை சொல்வதினும், காசை இவ்வாறு ஒரு முறை கூர்ந்து நோக்கச் செய்வது நலம்.

வீட்டுக் கணக்கைக் காட்டுவதற்குப் புளியங்கொட்டை போதும். ஒரு கொட்டைக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்து, மாத வருவாய் நாற்பதாயிரமானால் நாற்பது கொட்டைகளைத் தரையிலே பரப்புங்கள். குழந்தை வியப்படையும், மிகப் பெரிய செல்வம்! பிறகு பிள்ளையைக் கொண்டே பிரிக்கச் சொல்லுங்கள். வீட்டு வாடகைக்குப் பதினான்கு, மளிகைக்கும் பாலுக்கும் ஒன்பது, பள்ளிக்கு ஐந்து, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மூன்று, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இரண்டு, ஊருக்கு ஐந்து. தரையிலே இரண்டு கொட்டைகள் கிடக்கின்றன. காய்ச்சல் வந்தாலும், விடுமுறைக்கு ஊர் செல்ல ரயில் டிக்கெட் எடுத்தாலும் அவ்விரண்டிலிருந்தேதான். அறிவுரையாக ஒரு சொல்லும் தேவையில்லை. ஊருக்கான ஐந்தைப் பிரிக்கும்பொழுது மட்டும், அது யார் யாருக்கு என்னவாகிறது என்பதைச் சொல்லுங்கள். அன்று மாலையே பாட்டியுடன் பேசச் செய்யுங்கள்.

இதனைச் செய்யும் வீட்டில் ஒரு பொய் ஒழிகிறது. பொம்மை கேட்கும் குழந்தையிடம் 'காசே இல்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்த கடையில் நமக்கு வேண்டியதை வாங்குகிறோம். குழந்தை இரண்டையும் பார்க்கிறது. காசில்லை என்றால் 'உனக்கில்லை' என்று பொருள் போலும் என எண்ணிக்கொள்கிறது. இருக்கும்பொழுது இல்லையென்று சொல்வானேன்? 'இந்த மாதக் கணக்கில் அதற்கு இடமில்லை' என்று உள்ளதைச் சொன்னால், அழுகை வரினும் ஐயம் வராது. மெய்யாகவே கையில் இல்லாத மாதத்திலும் அதனைச் சொல்வதற்கு நாணவேண்டியதில்லை.

உண்டியல் நல்லதே. ஆனால் ஐந்து வயதுக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். இரண்டு மூன்று வாரங்களில் எட்டக்கூடிய சிறு பொருள் ஒன்றைக் குறிவைத்துச் சேர்க்கச் செய்தால், காத்திருந்து பெறும் இன்பம் கைகூடும். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தாமே நடத்த ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. வங்கிக்கு வங்கி வரம்புகள் வேறுபடும். போட்ட நோட்டையே திரும்பத் தருவார்களா என்று பிள்ளை அங்கே கேட்கக்கூடும். அந்த நோட்டு வேறொருவருக்குக் கடனாகச் சென்று, அவருடைய தொழிலுக்கு உதவுகிறது. அதற்காகவே நமக்கு வட்டி வருகிறது என்று விளக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. தண்ணீர் கொண்டுவந்தால் இரண்டு ரூபாய், தம்பியைப் பார்த்துக்கொண்டால் ஐந்து ரூபாய் என்று வீட்டு வேலைக்கெல்லாம் விலை கட்டிவிட்டால், வீடு கடையாகிவிடும். காய்ச்சலில் கிடக்கும் தாய்க்கு வெந்நீர் கொடுக்கக் கூலி கேட்கும் பிள்ளையைக் கண்டு அப்பொழுது சிரிப்பு வராது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் ஊதியத்தை மாதந்தோறும் பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்வது இதினும் சிறந்த பாடம். அந்தப் பணத்தை நம்பி அவர் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கிறது என்பதை அது உணரட்டும். சம்பளம் குறைந்தவர் மதிப்புக் குறைந்தவர் என்னும் எண்ணம் அத்தகைய பிள்ளையின் மனத்தில் வேரூன்றாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். அளப்பதற்கு முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வரும் முதல் தேதியன்று ஊருக்குப் பணம் அனுப்பும்பொழுது, பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு அனுப்புங்கள்.